சட்டமன்ற நிகழ்ச்சி நிரல்: பார்ப்பவர்கள் செய்யும் தவறுகள்

தமிழ்நாடு சட்டமன்றத்தின் அன்றைய நிகழ்ச்சி நிரலைப் பார்த்துவிட்டு, "இவ்வளவு பெரிய பிரச்சினையைக் கடைசியில் போட்டிருக்கிறார்களே" என்று கோபப்படுகிறவர்கள் உண்டு. முதல் தவறு இதுதான். அந்த வரிசை முக்கியத்துவத்தின் வரிசை அல்ல. வினா நேரம் முன்னால் வருவது விதியாலும் வழக்கத்தாலும்தான்.

பேரவைத் தலைவர் தனியாக உட்கார்ந்து நேரம் ஒதுக்குகிறார் என்று நினைப்பதும் தவறு. எந்த அலுவலை எந்த நாளில் எடுப்பது என்பதை அலுவல் ஆய்வுக் குழு கூடிப் பேசுகிறது. அதற்குத் தலைமை அவர்தான். ஆனால் எதிர்க்கட்சியினரும் அதில் இருக்கிறார்கள்.

'ஒத்திவைப்புத் தீர்மானம்' என்ற சொல் பலரைக் குழப்புகிறது. சபையைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகச் சொல்லும் தீர்மானம் இல்லை அது. நிரலில் உள்ள வேலையைத் தள்ளிவைத்து, அவசரமான ஒன்றை உடனே விவாதிக்கக் கேட்பது. பேரவைத் தலைவர் இசைந்தால்தான் எடுக்கப்படும்.

வெட்டுத் தீர்மானத்தைப் பார்த்துச் சிரிக்கிறவர்களிடம் எனக்கு வருத்தம் உண்டு. ஒரு துறை தன் செலவுக்காகச் சபையிடம் பணம் கேட்கும் பல கோடி ரூபாய் மானியக் கோரிக்கையில் '100 ரூபாய் குறைக்க வேண்டும்' என்று ஓர் உறுப்பினர் எழுதிக் கொடுத்திருப்பார். அந்த நூறு ரூபாயை மிச்சம் பிடிப்பதற்காக அல்ல. ஒரு கால்வாய் தூர்வாரப்படவில்லை, ஒரு பள்ளிக்குக் கட்டடம் இல்லை என்ற குறையைச் சபையில் சொல்வதற்கான வழி அது. தீர்மானம் தோற்றுப்போகும், சரி. பேசியது அவைக் குறிப்பில் நிற்கும்.

நடைமுறையில் அதிகம் இழக்க வைக்கும் தவறு, உங்கள் குறையை எம்.எல்.ஏ.விடம் தாமதமாகக் கொண்டு போவது. பட்ஜெட்டுக்குப் பிறகு மானியக் கோரிக்கைகள் துறைவாரியாக, நாள் குறித்து வருகின்றன. நீர்வளத் துறைக்கான நாள் முடிந்த மறுநாள் மனுவோடு போய் நின்றால், உங்கள் எம்.எல்.ஏ.வுக்கு அதைப் பேச அந்தக் கூட்டத்தொடரில் அதே மாதிரி வாய்ப்பு கிடைப்பது அரிது. தேதிப் பட்டியல் வந்தவுடனே உங்கள் துறையின் நாளைக் குறித்துக்கொண்டு, இடம், அளவு, எத்தனை நாளாகக் கிடப்பில் இருக்கிறது என்ற விவரங்களை ஒரே பக்கத்தில் எழுதிக் கொடுங்கள். வினாவாகக் கேட்க வைக்க வேண்டுமென்றால் இன்னும் முன்பே போக வேண்டும்; அதற்கு முன்னறிவிப்பு தேவை.

அப்புறம், சட்டமன்ற விதி 110-ன் கீழ் முதல்வரோ அமைச்சரோ படிக்கும் அறிவிப்பைச் சபை விவாதித்து ஏற்றதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். அந்த விதியில் விவாதத்துக்கு இடமில்லை. அந்த அறிவிப்புக்கு அரசாணை வந்ததா என்று தனியாகத்தான் பார்க்க வேண்டும்.