மேகத்துக்கு எந்தக் கோப்புறையை அனுப்புவது? (என் அனுபவம்)

மொரீஷியஸில் ஜனவரி வந்தால் புயல் எச்சரிக்கையும் காவடி வேலையும் சேர்ந்தே வரும். ரோஸ் ஹில்லில் எங்கள் வீட்டுக் கணினியில் கோயில் கணக்கு, அப்பாவின் தேவாரக் குறிப்புகள், காவடி வீடியோக்கள் எல்லாம் கலந்து கிடந்தன. இவற்றுக்கு மேகத்தில், அதாவது இணையச் சேமிப்பில், ஒரு பிரதி வைக்க நினைத்தேன். கூகுள் டிரைவ் இலவசமாகத் தருவது 15 ஜிபி. அதிலும் ஜிமெயிலும் போட்டோஸும் பங்கு கேட்கும்.

ஒவ்வொரு கோப்புறையிடமும் ஒரே கேள்விதான்: தொலைந்தால் மறுபடி கிடைப்பாயா? டவுன்லோட்ஸ், நிறுவிய மென்பொருள்கள் இரண்டும் உடனே கழிந்தன. அடுத்தது எடை. விண்டோஸில் கோப்புறை மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸ் பார்த்தால் அளவு தெரியும். இடத்தைத் தின்றவை வீடியோக்கள்தான். அவற்றை வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஏற்றி, கியூர்பீப்பில் தம்பி வீட்டில் கொடுத்துவைத்தேன் (ஒரே வீட்டில் இரண்டு பிரதி வைத்து என்ன பயன்?). டிரைவ் செயலியின் அமைப்புகளில் கோயில் கணக்கு, தேவாரக் குறிப்புகள் என்ற இரண்டு கோப்புறைகளை மட்டும் சேர்த்தேன்.

ஒன்று கவனிக்க வேண்டும். இது ஒத்திசைவு (சிங்க்), தனிப் பிரதி அல்ல. கணினியில் அழித்தால் டிரைவிலும் அது குப்பைத்தொட்டிக்குப் போகும். 30 நாளில் அங்கிருந்தும் மறைந்துவிடும். கணினியில் இடம் பண்ண அழிப்பதானால், முதலில் அந்தக் கோப்புறையின் ஒத்திசைவை நிறுத்திவிடுங்கள்.