பூவரசில் ஒரு மார்க்கிங் கேஜ்

பலகையின் விளிம்புக்கு இணையாகக் கோடு கீறும் கருவிதான் மார்க்கிங் கேஜ். அதைச் செய்ய, பாம்பன், தொண்டிப் பக்கம் படகு வேலையில் மிஞ்சும் பூவரசுத் துண்டே போதும். நன்றாக உலர்ந்ததா என்று மட்டும் பாருங்கள்.

கோடு கீறும் ஆணி இருக்கும் தண்டு 20 மி.மீ. சதுரம், 220 நீளம். தண்டில் நகர்ந்து பலகை விளிம்பில் ஒட்டி நிற்கும் கட்டை 70 உயரம், 60 அகலம், 25 தடிமன். கட்டையின் நடுவில் தண்டுக்கான துளையை இரு முகத்திலும் மூலைமட்டம் வைத்துக் குறித்து, இரு பக்கமிருந்தும் உளியால் வெட்டி நடுவில் சேருங்கள். ஒரே பக்கமாக வெட்டினால் மறுமுகம் பிளந்து தெறிக்கும். தண்டை இழைத்து இழைத்தே பொருத்த வேண்டும். இங்கே அவசரப்பட்டால் கட்டை ஆடும், கோடு ஒருநாளும் நேராக வராது.

ஆப்பு கட்டையின் அகலவாக்கில், தண்டுக்கு மேலே குறுக்காகப் போகும். அதன் துளை 8 மி.மீ. அகலம், அடிவிளிம்பு தண்டின் மேல்முகத்தைவிட 2 மி.மீ. தாழ்ந்திருக்கட்டும். அப்போதுதான் ஆப்பு தண்டை அழுத்தும். மேல்விளிம்புக்கு 15-க்கு 1 சரிவு. அதைவிடச் செங்குத்தானால் ஆப்பு தானே கழன்றுவிடும்.

தண்டு முனையிலிருந்து 12 மி.மீ. உள்ளே, ஆணியைவிட அரை மி.மீ. சிறிய துளையிட்டு கான்கிரீட் ஆணியை இறக்குங்கள். 3 மி.மீ. நீட்டினால் போதும். ஆணியின் கூம்பு முனை, மர ரேகைக்குக் குறுக்கே கீறும்போது மரத்தைக் கிழிக்கும். அதனால் முனையைச் சாணைக்கல்லில் கத்திபோலத் தட்டையாகத் தீட்டுங்கள்.

உப்புக்காற்றில் ஆணி சீக்கிரம் துருப்பிடிக்கும், வேலை முடிந்ததும் எண்ணெய் தடவுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் தண்டு இறுகினால் உடனே இழைக்காதீர்கள். தை வெயிலில் தளர்ந்துவிடும்.