பெட்ரோமாக்ஸ் லைட்: காற்றழுத்தத்தைச் சரியாக வைத்துக்கொள்வது எப்படி?

பரணில் கிடந்த தாத்தா காலத்துப் பெட்ரோமாக்ஸை இறக்கி, புளி போட்டுத் தேய்த்து, பித்தளையைப் பளபளவென்று ஆக்கிவிட்டீர்கள். எண்ணெய் ஊற்றியாயிற்று, தீயின் சூட்டில் வெள்ளையாக ஒளிரும் வலைப்பையான மேண்டிலையும் கட்டியாயிற்று. பற்றவைத்தால் மஞ்சளாக அழுது வடிகிறது. அல்லது குப் குப்பென்று துடிக்கிறது. அல்லது நன்றாக எரிந்துகொண்டே இருந்து கொஞ்ச நேரத்தில் மங்கிவிடுகிறது. உடனே நாசிலை மாற்றலாமா, விளக்கையே கடையில் கொடுத்துவிடலாமா என்று யோசிக்காதீர்கள். பெரும்பாலும் காற்றுதான் காரணம். அதை முதலில் பார்ப்போம்.

காஸ் லைட் என்று சொன்னாலும் டேங்கில் ஊற்றுவது மண்ணெண்ணெய்தான். பம்பால் அடிக்கும் காற்று டேங்கில் உள்ள எண்ணெயை மேலே தள்ளுகிறது. அது சூடான பித்தளைக் குழாய் வழியாகப் போகும்போது ஆவியாகி, நாசிலின் ஊசித் துவாரத்திலிருந்து சீறிக்கொண்டு வெளியே வருகிறது. சீறும் வேகத்தில் வெளிக்காற்றையும் தன்னோடு இழுத்துக்கொண்டு போய் மேண்டிலுக்குள் எரிகிறது.

இதில் கவனிக்க வேண்டியது அந்த இழுப்பு. டேங்கில் அழுத்தம் குறைந்தால் ஆவியின் வேகம் குறையும். வேகம் குறைந்தால் கூடவே வரும் வெளிக்காற்றும் குறையும். அப்புறம் எண்ணெய் ஆவி முழுதாக எரியாமல் மஞ்சள் தீயும் கரியும்தான் மிச்சம். அழுத்தம் மிஞ்சிப் போனாலோ தீ மேண்டிலுக்குள் அடங்காமல் வெளியே நாக்கு நீட்டும். ஆக, இந்த விளக்கு ஓர் அளவு அழுத்தத்துக்காகவே செய்யப்பட்டது. டேங்கின் அழுத்தத்தைக் காட்டும் மீட்டரில் சிவப்புக் கோடு போட்டிருப்பது அதற்குத்தான். அது சுமார் 2 பார் (பார் என்பது அழுத்தத்தை அளக்கும் அலகு). கார் டயரில் இருக்கும் காற்றும் ஏறக்குறைய இவ்வளவுதான்.

பக்கவாட்டில் இருக்கும் திருகைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். புதிதாகக் கையாளுபவர்கள் எல்லோரும் அதை அரிக்கேன் விளக்கின் திரியை ஏற்றி இறக்குவது போலத் திருகிப் பார்ப்பார்கள். அது வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு அல்ல. எண்ணெயைத் திறப்பது, மூடுவது, ஊசியை மேலே தூக்கி நாசில் துவாரத்தில் இருக்கும் அடைப்பைக் குத்தி எடுப்பது, இவ்வளவுதான் அதன் வேலை. பாதி திறந்து வைத்தால் வெளிச்சம் பாதியாகாது, தொல்லைதான் வரும். வெளிச்சத்தின் கட்டுப்பாடு முழுக்க பம்பிலும், காற்றை வெளியே விடும் சின்னத் திருகிலும் இருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டில் லண்டன் தெருக்களில் எரிந்த நிலக்கரி வாயு விளக்குகளுக்கு இந்தப் பாடு இல்லை. வாயுக் கிடங்கிலிருந்தே குழாயில் அழுத்தம் வந்துவிடும். அதுவும் ரொம்பக் குறைவு, சில அங்குல நீர்மட்டம் என்ற கணக்கில்தான் அளந்தார்கள். நம் விளக்கின் 2 பாரை அந்தக் கணக்கில் சொன்னால் சுமார் 20 மீட்டர் உயர நீர்மட்டம். மேண்டில் மட்டும் இரண்டுக்கும் பொது. ஆஸ்திரிய வேதியியலர் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் அதற்கு 1885-இல் காப்புரிமை வாங்கியது வாயு விளக்குக்காக. அதை மண்ணெண்ணெயில் எரிய வைத்துப் பெட்ரோமாக்ஸ் என்று உலகம் முழுக்க விற்றது பெர்லினைச் சேர்ந்த மாக்ஸ் கிரேட்ஸின் நிறுவனம். நம் ஊரில் கல்யாண ஊர்வலத்துக்கும் தெருக்கூத்துக்கும் தலையிலும் கம்பத்திலும் ஏறி நின்றது இதுதான்.

சரி, வேலைக்கு வருவோம். திறந்தவெளியில், சமதளமான இடத்தில் வைத்துச் செய்யுங்கள். மூடிய அறைக்குள் வேண்டாம். கார்பன் மோனாக்சைடு மணமில்லாமல் ஆளைச் சாய்த்துவிடும். பக்கத்தில் ஒரு வாளி மணலோ ஈரச் சாக்கோ இருக்கட்டும்.

படி 1: எண்ணெய் இல்லாமல் பம்பைச் சோதித்தல்

எண்ணெய் மூடியை இறுக்கி, காற்றுத் திருகை மூடி, பம்பை மெதுவாக அடித்துப் பாருங்கள். கைக்கு எதிர்ப்பே தெரியாமல் லொடலொடவென்று போனால் உள்ளே இருக்கும் தோல் வாஷர் காய்ந்துவிட்டது என்று அர்த்தம். பழைய விளக்கு என்றால் இது கட்டாயம் இருக்கும். பம்பின் மூடியைக் கழற்றித் தண்டை வெளியே இழுங்கள். நுனியில் சின்னக் கிண்ணம் போன்ற தோல் துண்டு இருக்கும். விரலால் தொட்டால் அட்டைபோல விறைத்திருக்கும், ஓரம் உள்பக்கம் சுருங்கியிருக்கும். மெஷின் எண்ணெயில் அதை ஊற வைத்து, மெதுவானதும் கட்டைவிரலால் ஓரத்தை வெளிப்பக்கமாக விரித்துவிடுங்கள். திரும்ப உள்ளே நுழைக்கும்போது அந்த ஓரம் மடங்காமல், குழாயின் சுவரை உரசிக்கொண்டே போக வேண்டும். சமையல் எண்ணெய் போடாதீர்கள், நாளாக நாளாகப் பிசினாகிவிடும்.

இன்னொரு சோதனை. நாலைந்து முறை அடித்துவிட்டுக் கையை எடுத்தால் பம்புத் தண்டு தானாக மேலே எழும்பி வருகிறதா? அப்படியானால் பம்பின் அடியில் உள்ள வால்வு காற்றைத் திரும்ப விடுகிறது. அந்த வால்வை மாற்றாமல் இந்த விளக்கைப் பற்றவைக்கவே கூடாது. எரியும்போது எண்ணெய் பம்பு வழியாகத் திரும்பி வெளியே வரும்.

படி 2: எங்கே கசிகிறது?

சோப்புத் தண்ணீரைத் தொட்டு எண்ணெய் மூடி, மீட்டரின் அடி, பம்பின் அடி, நடுக்குழாய் இறங்கும் இடம் எல்லாவற்றிலும் தடவுங்கள். குமிழி வந்தால் கசிவு. பெரும்பாலும் எண்ணெய் மூடியின் ரப்பர் வாஷர்தான், சில்லறைக் காசில் முடிந்துவிடும். கசிவை நிறுத்தாமல் எவ்வளவு பம்பு அடித்தாலும் கை வலிதான் மிச்சம்.

படி 3: திருகின் திசையைத் தெரிந்துகொள்ளுதல்

மேல் தொப்பியையும் மேண்டில் தொங்கும் உள் பாகத்தையும் தூக்கி எடுத்தால் நாசில் கண்ணுக்குத் தெரியும். பக்கத் திருகை ஒரு சுற்று சுற்றிக்கொண்டே அதன் நுனியைப் பாருங்கள். ஒரு நிலையில் தலைமுடி மாதிரி ஒரு ஊசி துவாரத்திலிருந்து எட்டிப் பார்க்கும். அது மூடிய நிலை. ஊசி உள்ளே இறங்கி மறைவது திறந்த நிலை. திருகின் மேல் உள்ள அம்புக்குறி அப்போது எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்படியே ஒரு அளவையும் பார்த்துவிடுங்கள். உள் பாகத்தைத் திரும்பப் பொருத்தினால், நாசில் நுனிக்கும் அதற்கு மேலே உள்ள கலவைக் குழாயின் வாய்க்கும் நடுவே சுமார் 14 மில்லிமீட்டர் இடைவெளி இருக்க வேண்டும். இது மாறினால் காற்று கலக்கும் அளவு மாறும். அழுத்தம் சரியாக இருந்தும் விளக்கு மஞ்சளாக எரிந்தால் அடுத்து பார்க்க வேண்டியது இதைத்தான்.

படி 4: எண்ணெய், முக்கால் மட்டுமே

மண்ணெண்ணெய் மட்டும். பெட்ரோல் ஒரு சொட்டுகூடக் கூடாது. கல்லும் தூசியும் இல்லாமல் வடிகட்டி ஊற்றுங்கள், நாசில் துவாரம் அவ்வளவு சின்னது.

முக்கால் டேங்க் என்று ஏன் எல்லோரும் சொல்கிறார்கள்? எண்ணெயை அமுக்க முடியாது, காற்றைத்தான் அமுக்க முடியும். கழுத்துவரை ஊற்றினால் காற்றுக்கு இடமில்லை. இரண்டு அடியில் மீட்டர் முள் ஏறும், அதே வேகத்தில் இறங்கியும் விடும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். டேங்க் மொத்தம் 1 லிட்டர் என்று வையுங்கள். 750 மில்லி எண்ணெய், 250 மில்லி காற்று. மீட்டர் 2 பார் காட்டுகிறது. வெளிக்காற்றின் 1 பாரையும் சேர்த்தால் உள்ளே இருப்பது 3 பார். 500 கேண்டில் பவர் விளக்கு 1 லிட்டரைச் சுமார் 8 மணி நேரத்தில் குடிக்கும். ஆகவே 2 மணி நேரத்தில் 250 மில்லி காலி. காற்றுக்கு இப்போது 500 மில்லி இடம். இடம் இரண்டு மடங்கு ஆனதால் அழுத்தம் பாதி, அதாவது 1.5 பார். மீட்டரில் வெறும் அரை பார்தான் தெரியும். விளக்கு அதற்கு வெகு முன்னாலேயே மங்கியிருக்கும்.

இப்போது டேங்கில் 250 மில்லிதான் மிச்சம் என்ற நிலையில் மறுபடி 2 பாருக்கு ஏற்றுகிறோம். காற்று 750 மில்லி. எண்ணெய் முழுக்கத் தீரும்போது காற்று 1 லிட்டர் ஆகும், மீட்டர் 1.25-க்குத்தான் இறங்கியிருக்கும். அதாவது டேங்க் நிறைந்திருக்கும்போது அடிக்கடி, ஆனால் கொஞ்சமாகக் காற்று தேவை. காலியாக ஆக, எப்போதாவது, ஆனால் நிறைய அடிக்க வேண்டும். முதல் அரை மணி நேரத்துக்குள்ளேயே முள் இறங்குவதைப் பார்த்துக் கசிவு என்று பயப்படுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் போதும்.

படி 5: மேண்டில் கட்டுதல்

சுருக்கம் சுற்றிலும் சமமாக வரும்படி நூலை இறுக்கி முடிச்சுப் போட்டு, மீதி நூலை வெட்டிவிடுங்கள். முதல் முறை எரிந்தபின் அது வெறும் சாம்பல் வலைதான், விரல் பட்டால் உதிரும். பழைய மேண்டில்களில் தோரியம் உண்டு, கதிரியக்கப் பொருள். உடைந்த தூளை ஊதிவிடாமல் ஈரத் துணியால் துடைத்து எடுத்துவிட்டுக் கையைக் கழுவுங்கள்.

படி 6: சூடேற்றுதல்

இந்த இடத்தில் அவசரப்பட்டால் பின்னால் எவ்வளவு காற்று அடித்தும் பயனில்லை. காற்றுத் திருகு திறந்தே இருக்கட்டும், டேங்கில் அழுத்தம் வேண்டாம். பக்கத் திருகு திறந்த நிலையில் இருக்கட்டும். குழாயின் அடியில் உள்ள சின்னக் கிண்ணத்தை ஸ்பிரிட்டால் (எரிசாராயம்) நிரப்பிப் பற்றவையுங்கள். ஒன்றரை, இரண்டு நிமிடம் நீலத் தீ குழாயைச் சுற்றி எரியும். காற்று வீசும் இடமென்றால் இன்னொரு கிண்ணம் தேவைப்படலாம். ஆனால் முதல் கிண்ணம் முழுக்க அணைந்து கிண்ணமும் ஆறிய பிறகே ஊற்ற வேண்டும், எரியும் தீயில் ஸ்பிரிட் ஊற்றவே கூடாது.

படி 7: காற்றடித்தல்

ஸ்பிரிட் தீரும் தறுவாயில், கடைசித் தீ இன்னும் நிற்கும்போதே, காற்றுத் திருகை மூடிவிட்டுப் பத்துப் பதினைந்து அடி மெதுவாக அடியுங்கள். பப் என்ற சத்தத்தோடு மேண்டில் பிடித்துக்கொள்ளும். உடனே சிவப்புக் கோட்டுக்கு ஏற்றத் துடிக்காதீர்கள். குழாய் தன் சூட்டிலேயே நிலைக்க ஒரு நிமிடம் விட்டு, பிறகு தவணை தவணையாக அடித்துக் கோட்டுக்குக் கொண்டுவாருங்கள். தண்டை முழு நீளத்துக்கு இழுத்து, ஒரே சீராக அமுக்க வேண்டும். குட்டிக் குட்டியாக அடிப்பதில் காற்று ஏறாது. இன்னொரு கையால் டேங்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளுங்கள், விளக்கு ஆடினால் மேண்டில் உதிரும்.

காற்றடிக்கும்போது மஞ்சள் தீ குபுகுபுவென்று கண்ணாடி முழுக்க நிரம்பினால் சூடு பத்தவில்லை, எண்ணெய் ஆவியாகாமல் திரவமாகவே வருகிறது என்று அர்த்தம். மேற்கொண்டு பம்பு அடிக்காதீர்கள். காற்றுத் திருகைத் திறந்துவிட்டு, தீ அடங்கி விளக்கு ஆறியதும் ஆறாம் படியிலிருந்து ஆரம்பியுங்கள்.

படி 8: காதும் கண்ணும்

பல பழைய விளக்குகளில் மீட்டர் முள் எங்கோ ஒரு இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். கவலை வேண்டாம். மீட்டரை நம்பாமல் காதை நம்பித்தான் அந்தக் காலத்து லைட்டுக்காரர்கள் ஊர்வலம் முழுக்க விளக்கை ஓட்டினார்கள்.

ஒரே சீரான இரைச்சல், மேண்டில் முழுக்கப் பால் வெள்ளை என்றால் அழுத்தம் சரி. இரைச்சல் தணிந்து மேண்டிலின் ஒரு பக்கம் ஆரஞ்சாக மாறினால் காற்று குறைகிறது, ஏழெட்டு அடி கொடுங்கள். கரும்புள்ளி விழுந்தால் கரி படிகிறது, அழுத்தம் ஏறியதும் பெரும்பாலும் தானே எரிந்து போகும். மேண்டிலுக்கு வெளியே நீலத் தீ நாக்கு நீட்டினால் காற்று அதிகம், காற்றுத் திருகை ஒரு நொடி லேசாகத் தளர்த்தி மூடுங்கள். அப்படிக் காற்றை விடும்போது எண்ணெய் ஆவியும் சேர்ந்து வரும், ஆகவே முகத்தையும் வேறு தீயையும் தள்ளி வையுங்கள்.

துடித்துத் துடித்து எரிந்தால் முதலில் அழுத்தத்தைப் பாருங்கள். அது சரியாக இருந்தும் துடித்தால் நாசிலில் தூசி. பக்கத் திருகை ஒரே வேகத்தில் ஒரு முழுச் சுற்று சுற்றுங்கள். ஊசி ஏறி இறங்கும் நேரம் வெளிச்சம் ஒரு கணம் தாழ்ந்து மீளும். அதற்கும் அடங்கவில்லை என்றால் ஆவிக்குழாயில் கரி அடைத்திருக்கிறது, விளக்கு ஆறிய பிறகு கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டியதுதான்.

படி 9: அணைத்தல்

காற்றுத் திருகை மெல்லத் திறந்தால் அழுத்தம் இறங்கி விளக்கு தானே அணையும். ஊதி அணைக்கிற வேலை இதில் இல்லை. எண்ணெய் தீர்ந்துவிட்டது என்பதற்காகச் சூட்டோடு சூடாக மூடியைத் திறந்து ஊற்றுவதுதான் இந்த விளக்கில் நடக்கும் பெரிய விபத்துகளுக்குக் காரணம். தொப்பியைக் கையால் தொடமுடிகிற அளவு ஆறட்டும். பல நாள் எடுக்கப் போவதில்லை என்றால் எண்ணெயை வடித்துவிட்டு, காற்றுத் திருகைத் தளர்த்திய நிலையிலேயே பரணில் ஏற்றுங்கள்.