ஃப்ரிட்ஜுக்காக ஒரு நோட்டீஸ்

செம்பூர் வீட்டுக்கு வாங்கிய ஃப்ரிட்ஜ், உத்தரவாதக் காலத்திலேயே குளிர மறுத்தது. இட்லி மாவு பொங்கி வழிந்ததுதான் மிச்சம். “கம்பெனியிடம் கேளுங்கள்” என்று கடைக்காரர் கைகழுவினார். அந்தப் பேச்சு செல்லாது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி விற்றவர், தயாரித்தவர் இருவர்மீதும் புகார் கொடுக்கலாம்.

1915 என்ற தேசிய உதவி எண்ணில் பதிவுசெய்தேன் (தமிழிலேயே பேசலாம்). கடை அசையவில்லை. பிறகு பில், உத்தரவாத அட்டை, மெக்கானிக் எழுதிக்கொடுத்த சர்வீஸ் சீட்டு இவற்றின் நகல்களுடன், 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்டில் நோட்டீஸ் அனுப்பினேன். அடுத்தது மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணமில்லை, வக்கீலும் கட்டாயமில்லை என்றும் எழுதியிருந்தேன். அந்த வரிதான் கடையை அசைத்திருக்க வேண்டும். புது ஃப்ரிட்ஜ் வந்தது. பழையதைத் தூக்கிப்போக வந்தவர் என்னிடமே டீக்காசு கேட்டார்.