திறமூல மென்பொருளுக்கு மாறும் சங்கங்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரைச் சுற்றி, சாட்ஸ்வொர்த்திலும் பீனிக்ஸிலும் இயங்கும் கோயில் சங்கங்களிலும் தமிழ்ப் பள்ளிகளிலும் மூல நிரலை எவரும் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் உரிமை தரும் திறமூல மென்பொருளைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் மென்பொருள் சந்தாவைப் புதுப்பிக்கும் வேளையில்தான் எழுகிறது. உரிமக் கட்டணம் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மாறுவதே முதல் தவறு. பழைய தரவுகளை மாற்றவும், செயலாளரையும் பொருளாளரையும் பழக்கவும் பணமும் நேரமும் செலவாகும். அதற்கு ஒதுக்கீடு செய்யாத சங்கம் சலித்துப்போய்ப் பழைய மென்பொருளுக்கே திரும்பிவிடும்.

மாறுவதற்கு இதைவிட வலுவான காரணம் உண்டு: ஒரே நிறுவனத்தை நம்பியிருக்கும் நிலையிலிருந்து விடுபடுவது. 2020 டிசம்பர் இறுதியில் அடோபி நிறுவனம், உலாவிகளில் அசைபடங்களையும் படிவங்களையும் இயக்கிவந்த தன் ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவை நிறுத்தியபோது, தென்னாப்பிரிக்க வருவாய்ச் சேவையான சார்ஸின் சில மின்படிவங்கள் இன்னும் ஃபிளாஷையே நம்பியிருந்ததால், அவற்றை நிரப்புவதற்கென்றே 2021 ஜனவரியில் சார்ஸ் தனி உலாவி ஒன்றை வெளியிட வேண்டியதாயிற்று. அரசு அமைப்புக்கே இந்த நிலை என்றால், முப்பது ஆண்டு உறுப்பினர் பதிவேட்டை ஒரே நிறுவனத்தின் கோப்பு வடிவத்தில் பூட்டி வைத்திருக்கும் சங்கத்தின் நிலையைச் சொல்லவே வேண்டியதில்லை.

ஆகவே, ஆவணங்களும் கணக்குத்தாள்களும் தயாரிக்க உதவும் திறமூல மென்பொருளான லிப்ரே ஆபிஸை நிறுவிய பிறகும் எல்லாவற்றையும் பழைய வடிவத்திலேயே சேமிப்பது பாதி வழியில் நின்றுவிடுவதாகும். சங்கத்தின் சொந்த ஆவணங்களை, 2006இல் ஐஎஸ்ஓ பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட, ஓடிஎஃப் என்னும் திறந்த கோப்பு வடிவத்திலும், வெளியே அனுப்புபவற்றைப் பிடிஎஃப் வடிவத்திலும் வைத்துக்கொள்வது நல்லது.

தமிழ்ப் பள்ளிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்த பாடத்தாள்கள், அந்த எழுத்துரு இல்லாத கணினியில் வெறும் ஆங்கில எழுத்துகளாகவும் குறிகளாகவும் தெரியும். உடனே "புதிய மென்பொருள் தமிழைக் கெடுத்துவிட்டது" என்று பழி வரும். உண்மையில் அந்தக் கோப்பில் தமிழ் எழுத்துகள் இருந்ததே இல்லை. ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் உருவம் மட்டுமே போர்த்தப்பட்டிருந்தது. மாறுவதற்கு முன்பே இவற்றை, தமிழ் எழுத்துகளுக்கெனத் தனிக் குறியெண்கள் உள்ள யூனிகோடுக்கு மாற்றி, தமிழறிந்த ஒருவரைக் கொண்டு வரிவரியாக மெய்ப்புப் பார்ப்பதே முறை.

இயங்குதளம் உட்பட அனைத்தையும் ஒரே வாரத்தில் மாற்றுவதும் வேண்டாம். (தைப்பூசக் காவடி ஏற்பாடுகள் நடக்கும் நாள்களில் அதற்குத் துணிபவரை என்னவென்பது!) லிப்ரே ஆபிஸ் விண்டோஸிலேயே இயங்கும் என்பதால் முதலில் அதில் பழகிவிட்டு, தென்னாப்பிரிக்கரான மார்க் ஷட்டில்வொர்த் தொடங்கிய உபுண்டு போன்ற திறமூல இயங்குதளங்களைப் பிறகு எண்ணிப் பார்க்கலாம்.

இவை அனைத்தையும்விடக் கேடானது, கணினி தெரிந்த இளைஞர் ஒருவரிடமே முழுப் பொறுப்பையும் ஒப்படைப்பது. அவர் வேலை கிடைத்து ஜோகன்னஸ்பர்க் போய்விட்டால் கடவுச்சொற்களும் அவருடனேயே போய்விடும், மேம்படுத்தல்களும் நின்றுவிடும். திறமூலம் என்பதால் மட்டும் மென்பொருள் பாதுகாப்பானதாகிவிடாது என்பதை பல மென்பொருள்களுக்குள் பயன்படும் திறமூலக் கூறான லாக்ஃபோர்ஜேயில் 2021 டிசம்பரில் வெளிப்பட்ட பாதுகாப்பு ஓட்டை உலகுக்கே காட்டியது. உறுப்பினர்களின் முகவரியும் அடையாள எண்ணும் வைத்திருக்கும் சங்கத்துக்கு, 2021 ஜூலை 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ள போபியா என்னும் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின் கடமைகளும் உண்டு. எனவே கடவுச்சொற்களை நிர்வாகிகள் இருவரேனும் வைத்திருக்க வேண்டும். மேம்படுத்தும் பொறுப்பு யாருடையது என்பதைச் செயற்குழுக் குறிப்பேட்டில் பெயர் குறித்தே பதிய வேண்டும். உள்ளூரில் கட்டணத்துக்குப் பராமரித்துத் தருபவர் கிடைத்தால், மிச்சமான உரிமக் கட்டணத்தில் ஒரு பகுதியை அவருக்குத் தருவதில் தயக்கம் கூடாது.