செம்பனைக் காட்டில் இடுப்பு பிடிக்காமல் வேலை செய்ய

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் இடுப்பு வலிக்குக் காரணம் கேட்டால், பாரம் என்றுதான் பதில் வரும். பாரம் பாதிக் காரணம்தான். குனிந்த நிலையில் பழக்குலையைக் கையில் வைத்துக்கொண்டே இடுப்பைத் திருப்பி எறிவதுதான் மீதி.

முதலில், குலை வெட்ட நீளக் கம்பில் மாட்டிய அரிவாளைப் பாருங்கள். மழுங்கிய அரிவாள் ஒரே இழுப்பில் விழ வேண்டிய குலைக்கு நாலைந்து இழுப்பு கேட்கும். ஒவ்வொரு இழுப்பும் கழுத்திலும் இடுப்பிலும்தான் இறங்கும். சாணைக்கல் இடுப்புப் பையிலேயே இருக்கட்டும். முனை வழுக்கத் தொடங்கியதுமே தீட்டிவிடுங்கள், மத்தியானம் வரை காத்திருக்க வேண்டாம். மரத்தை ஒட்டி நின்று அண்ணாந்து பார்க்காமல், இரண்டு எட்டு தள்ளிப் பக்கவாட்டில் நின்றால் கழுத்து குறைவாக மடங்கும், குலையும் தலைமேல் விழாது. ஒரு காலை முன்வைத்து, உடல் எடையைப் பின்காலுக்கு மாற்றிக் கம்பை இழுங்கள். இளம் மரத்தில் உளியால் குத்திக் குலை வெட்டுபவர்களுக்குக் கைப்பிடி நீளம் முக்கியம். கூன் போடாமல் குத்த முடியவில்லை என்றால் கைப்பிடி குட்டை என்று அர்த்தம், மண்டோரிடம் (வேலை மேற்பார்வையாளர்) நீளமானதைக் கேளுங்கள்.

குலை தூக்குவது: மலேசிய வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறையின் 2018 வழிகாட்டிப்படி, உடலோடு ஒட்டி இடுப்பு உயரத்தில் பிடித்தால் ஆண்கள் 25 கிலோ வரை, பெண்கள் 16 கிலோ வரை தூக்கலாம். தரையிலிருந்து எடுக்கும்போது அந்த அளவில் பாதிகூட இல்லை. முதிர்ந்த மரத்துக் குலையோ 25 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். ஆகவே:

1. வண்டியைக் குலைக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள், குலையை வண்டிக்குச் சுமக்காதீர்கள்.
2. கொக்கியைக் காம்பில் மாட்டி, முழங்காலை மடக்கி, குலையை உடம்போடு இழுத்துக்கொண்டு எழுங்கள்.
3. திரும்ப வேண்டுமானால் பாதங்களை நகர்த்துங்கள். இடுப்பு மட்டும் திரும்பக் கூடாது.
4. பெரிய குலைக்கு இரண்டு பேர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

தள்ளுவண்டியில் பாரம் சக்கரத்துக்கு மேல் வர அடுக்குங்கள். கைப்பிடிப் பக்கம் குவித்தால் பாதி எடையை உங்கள் முதுகுதான் தாங்கும். காற்று குறைந்த டயரும் அதே வேலையைத்தான் செய்யும், மழை பெய்த களிமண்ணில் இன்னும் மோசம்.

உதிரிப் பழம் பொறுக்குவதுதான் முதுகுக்கு எமன். எடை இல்லை, ஆனால் மணிக்கணக்கில் குனிவு. நீளக் கம்பு போட்ட வாருகோலால் முதலில் ஒரே குவியலாக வாரிவிட்டு, பிறகு ஒரு முழங்காலை ஊன்றி அள்ளுங்கள். சாக்கைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். அரை மணிக்கு ஒருமுறை எழுந்து, கைகளை இடுப்பில் வைத்து ஐந்தாறு முறை பின்னால் வளையுங்கள்.

வலி வந்துவிட்டால் ஓரிரு நாள் பாரம் தூக்காமல் இருங்கள், ஆனால் படுத்தே கிடக்காதீர்கள். மெதுவாக நடப்பதே மருந்து. ஒரே மணி நேரத்தில் வலி பறந்துபோகும் பெயர் தெரியாத ஜாமு (நாட்டு மூலிகை) மாத்திரை வேண்டவே வேண்டாம். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்து பிடிபட்டது உண்டு. கால் மரத்துப்போனால், தொடையிடுக்கில் உணர்வு குறைந்தால், சிறுநீரோ மலமோ கட்டுப்பாட்டில் இல்லையென்றால், அன்றைக்கே தெலுக் இந்தான் மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்பு அழுந்தியிருக்கலாம்.

வேலையில் பிடித்த பிடிப்பு என்றால் மண்டோரிடம் அன்றே சொல்லுங்கள், டாக்டரிடமும் எந்த வேலையில், எந்த நேரத்தில் என்று தெளிவாகச் சொல்லுங்கள். விபத்தை முதலாளி 48 மணி நேரத்தில் சொக்சோவுக்கு (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) தெரிவிக்க வேண்டும். குறைந்தது 4 நாள் மருத்துவ விடுப்பு இருந்தால்தான் தற்காலிக உடல்குறைவுப் படி கிடைக்கும், அது சராசரி நாள் சம்பளத்தில் 80 விழுக்காடு. 2019 முதல் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கும் வேலையிட விபத்துப் பாதுகாப்பு உண்டு. மருத்துவச் சீட்டுகளின் நகலைத் தோட்டக் கிராணியிடம் (எழுத்தர்) கொடுத்துவிட்டு, அசலை வீட்டில் வையுங்கள்.