வாஷிங்டன் பக்கம் புதிதாக வந்தவர்களுக்கு: எத்தியோப்பியக் கடையில் ஒரு சாப்பாடு

வாஷிங்டன் டிசி, மேரிலாந்து, வடக்கு வர்ஜீனியா என்று இந்தப் பக்கம் வந்து இறங்குகிற தமிழர்கள் முதலில் விசாரிப்பது, நல்ல தோசை எங்கே கிடைக்கும் என்றுதான். அதற்கு வழி சொல்லிவிட்டு நான் இன்னொன்றும் சொல்வேன். முதல் மாதத்திலேயே ஒரு நாள், எத்தியோப்பியக் குடும்பம் நடத்துகிற சின்னக் கடையாகப் பார்த்துப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள். ஆபீஸ் கேன்டீனில் முள்கரண்டியோடு சாப்பிட்டுச் சாப்பிட்டுக் கை ஏங்கிப்போயிருக்கும். அங்கே எல்லோரும் கையால்தான் சாப்பிடுகிறார்கள்.

அமெரிக்காவிலேயே எத்தியோப்பியர்கள் அதிகம் வாழ்வது இந்தப் பகுதியில்தான். 1974 புரட்சியில் பேரரசர் ஹைலே செலாசியின் ஆட்சி கவிழ்ந்து ராணுவம் வந்தது. அப்போது நாட்டை விட்டுத் தப்பியவர்களில் பலர் இங்கே வந்து சேர்ந்தார்கள். டிசிக்குள் யூ ஸ்ட்ரீட்டும் ஒன்பதாம் தெருவும் பழைய இடங்கள். கார் வாங்காதவர்களுக்கு சில்வர் ஸ்பிரிங் வசதி. மெட்ரோ ரெட் லைனில் வந்து இறங்கி, ஜார்ஜியா அவென்யூ, ஃபென்டன் ஸ்ட்ரீட் பக்கம் நடந்தால் போதும். இந்த மாதிரிக் கடைகளில் அம்மா சமையல், மகள் ஆர்டர் எடுப்பது, அப்பா கல்லாவில் என்றிருக்கும். சாப்பாடு வர நேரமாகும். அவசரப்படுத்தாதீர்கள். கொலைப் பசியோடும் போகாதீர்கள்.

அகலமான தட்டு நிறைய இஞ்செரா என்ற புளித்த மாவு அப்பத்தை விரித்து, அதன்மேல் கறிவகைகளை ஒவ்வொரு கரண்டியாக வைத்துக் கொண்டுவருவார்கள். டெஃப் என்ற தானியம் கசகசாவை விடப் பொடியாக இருக்கும். அதை அரைத்துக் கரைத்து, முந்தைய மாவிலிருந்து எடுத்துவைத்த புளித்த தண்ணீரைச் சேர்த்து, இரண்டு மூன்று நாள் புளிக்கவிடுவார்கள். பிறகு பெரிய கல்லில் வெளிவட்டத்திலிருந்து உள்ளே சுற்றி ஊற்றி மூடி வேகவைப்பார்கள். திருப்பிப் போடுவதில்லை. மேல்பக்கம் முழுக்கக் குட்டிக் குட்டித் துளைகள். அவற்றை அவர்கள் ‘கண்கள்’ என்றே சொல்கிறார்கள். கண் நிறைய இருந்தால் நல்ல இஞ்செரா. முதல் வாய் வைத்ததும் நன்றாகப் புளித்த ஆப்பமும் கேழ்வரகுக் கூழும் சேர்ந்தாற்போல் தெரியும். கேழ்வரகே கிழக்கு ஆப்பிரிக்க மேட்டுநிலத்திலிருந்து நமக்கு வந்த பயிர்தான் என்பது தாவரவியலாளர்கள் கருத்து. எத்தியோப்பியாவில் அதை தகுசா என்கிறார்கள். அதிலும் இஞ்செரா சுடுவார்கள்.

ஒன்று ஞாபகம் வையுங்கள். இஞ்செராவை ஆறவைத்துத்தான் பரிமாறுவார்கள். ஒருமுறை என்னோடு வந்த நண்பர், பழசைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்து சூடு பண்ணிக் கேட்டுவிட்டார். பரிமாறிய பெண்ணின் முகம் வாடிவிட்டது. அப்புறம், கோதுமை ஒத்துக்கொள்ளாதவர்கள் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள். இங்கே பல கடைகளில் டெஃபோடு கோதுமையோ பார்லியோ கலப்பார்கள். முழு டெஃப் இஞ்செரா வேண்டுமென்றால் சில இடங்களில் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

சைவக்காரர்களுக்கு இதைவிட நிம்மதியான வெளிநாட்டுச் சாப்பாட்டை நான் பார்த்ததில்லை. எத்தியோப்பிய ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்கள் புதன், வெள்ளி இரண்டு நாளும் விரதம். ஈஸ்டருக்கு முன் 55 நாள் தவக்காலம். அந்த நாட்களில் கறி, முட்டை, பால், நெய் எதுவும் கிடையாது. அதனால் மெனுவில் ‘பெயாய்நெட்டு’ என்ற கலவைத் தட்டு எப்போதும் இருக்கும். கூடவே ‘ட்சோம்’ என்று சொல்லுங்கள். விரதச் சாப்பாடு என்று புரிந்துகொண்டு நெய் விடாமல் தருவார்கள். மிசிர் வொட் என்பது மைசூர்ப்பருப்பைப் பெர்பெரே மிளகாய்ப்பொடி போட்டுச் சுண்ட வைத்தது. கிக் அலிச்சா மஞ்சள் போட்ட பட்டாணிப்பருப்பு, காரமே இல்லை. குழந்தைகளுக்கு அதைக் கொடுங்கள். கொமன் கீரை. அப்புறம் முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு சேர்த்த ஒரு கறி. எனக்கு எல்லாவற்றையும் விட ஷிரோ பிடிக்கும். கடலைமாவைக் கொதிக்கவிட்டுச் செய்வது. பூரிக்குத் தொட்டுக்கொள்கிற பாம்பே சட்னிக்கு அண்ணன் முறை. மண்சட்டியில் கொப்புளம் உடைய உடைய வரும். வெங்காயம், பூண்டு தாராளமாக விழும். அவற்றை விலக்குகிறவர்களுக்கு மட்டும் இங்கே கஷ்டம்.

அசைவத்தில் டோரோ வொட் கட்டாயம் சாப்பிட வேண்டியது. வெங்காயத்தை மணிக்கணக்கில் வதக்கி, கோழியும் முழு முட்டையும் போட்டுச் செய்கிற குழம்பு. திப்ஸ் என்றால் வறுவல். மாட்டிறைச்சி தொடாதவர்கள் எதில் என்ன இறைச்சி என்று கேட்டுக்கொள்ளுங்கள், நிறையப் பதார்த்தம் அதில்தான். கிட்ஃபோ கொத்திய பச்சை மாட்டுக்கறி. லேசாகச் சூடு காட்டினால் போதும் என்றால் ‘லெப்லெப்’ என்று சொல்லலாம். முழுக்க வேகவைத்தும் தருவார்கள்.

இனி நம்மவர்கள் பலர் தயங்குகிற விஷயம். நாலு பேர் போனால் ஒரே தட்டுதான் வரும். எச்சில் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது சங்கடம். ஆனால் சாப்பிடும் முறையைக் கவனியுங்கள். கை கழுவிவிட்டு உட்காருவார்கள். வலது கையால் மட்டும் இஞ்செராவைக் கிழித்து, அவரவர் முன்னால் இருப்பதைச் சுற்றி எடுப்பார்கள். விரல் உதட்டில் படாமல் வாயில் போடுவார்கள். விரலை நக்குவது பெரிய மரியாதைக் குறைவு. இப்படிச் சாப்பிட்டால் எச்சில் எங்கே வருகிறது? அப்படியும் மனசு ஒப்பவில்லையென்றால் தனித்தட்டு கேளுங்கள், தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அன்பானவர்களுக்குக் கையால் ஒரு கவளம் ஊட்டுவதை குர்ஷா என்கிறார்கள். மறுத்தால் மனம் நோகும். ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது ஒரு கடைக்கு அழைத்துப்போனேன். அடுத்தவர் தட்டில் கை வைக்காதவர், தனித்தட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சமைத்த அம்மாள் வெளியே வந்து, என் அம்மாவை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, இஞ்செராவில் கொஞ்சம் மிசிர் வொட்டைச் சுருட்டி வாய்க்கு நேரே நீட்டினார். இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டு வாயைத் திறந்தார். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அந்த அம்மாளைப் பற்றியேதான் பேச்சு.

நீங்கள் இந்தியர் என்று தெரிந்தால் வயதான எத்தியோப்பியர்கள் தாங்களாகவே பேச்சுக் கொடுப்பார்கள். ஹைலே செலாசி காலத்தில் இந்திய ஆசிரியர்கள், குறிப்பாக மலையாளிகள், அங்குள்ள பள்ளிகளில் நிறையப் பேர் பாடம் நடத்தினார்கள். ‘எங்கள் கணக்கு வாத்தியார் இந்தியர்’ என்று எனக்கே இரண்டு மூன்று பேர் சொல்லியிருக்கிறார்கள். நன்றாகப் பேசுங்கள். ஆனால் முதல் சந்திப்பிலேயே நீங்கள் எந்த இனம், அம்ஹாராவா, ஒரோமோவா, திக்ரேயா என்று கேட்காதீர்கள். 2020 முதல் 2022 வரை நடந்த திக்ரே போரில் உறவுகளை இழந்தவர்கள் அந்த மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கலாம். எரித்ரியா எத்தியோப்பியாவிலிருந்து பிரிந்த தனி நாடு, அதனால் எரித்ரியர் நடத்தும் கடையை எத்தியோப்பியக் கடை என்று சொல்லாமல் இருப்பதும் நல்லது.

காபி வேண்டுமென்றால் சாப்பாட்டு ஆர்டரோடேயே கேட்டுவிடுங்கள். முறைப்படி செய்தால் ஒரு மணி நேரம்கூட ஆகும். பச்சைக் கொட்டையை எதிரிலேயே வறுத்து, புகையோடு வாணலியை உங்கள் முகத்தருகே கொண்டுவருவார்கள். கையால் புகையை இழுத்து முகர்ந்து தலையசைக்க வேண்டும். பக்கத்தில் சாம்பிராணி வாசம். ஜெபெனா என்ற மண்குடுவையிலிருந்து கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்களில் ஊற்றுவார்கள், தொட்டுக்கொள்ளப் பாப்கார்ன். அபோல், தோனா, பரக்கா என்று மூன்று சுற்று. மூன்றாவது ஆசீர்வாதம், அதற்கு முன் எழுந்து போகாதீர்கள்.

பில்லில் டிசியில் 10 சதவீத வரி, மேரிலாந்தில் 6. டிப்ஸ் 18 முதல் 20 சதவீதம் வைப்பது இங்கே வழக்கம். பில்லிலேயே சேர்த்திருக்கிறார்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது ‘அமசெகெனாலெஹு’ என்று நன்றி சொல்லுங்கள், உச்சரிப்பு தப்பினாலும் சந்தோஷப்படுவார்கள்.

பல கடைகளில் இஞ்செராவைப் பையில் போட்டும் விற்பார்கள். ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். மறுநாள் காலை வெங்காயம், தக்காளி வதக்கி, பெர்பெரே போட்டு, இஞ்செராவைப் பிய்த்துப்போட்டுக் கிளறினால் ஃபிர்ஃபிர். மிஞ்சின இட்லியில் உப்புமா செய்யத் தெரிந்தவர்களுக்கு இதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பெர்பெரே மட்டும் முதல் தடவை அரை ஸ்பூனோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.